கியர் ஆயில் மாற்றும்போது மேல் போல்ட்டை முதலில் கழற்றுங்கள்

மேனுவல் கியர் காரில் கியர்பாக்ஸ் ஆயிலை நீங்களே மாற்றப் போகிறீர்களா? அடியில் இருக்கும் வடிகால் போல்ட்டைத் தொடாதீர்கள். ஆயில் ஊற்றுவதற்காகப் பக்கவாட்டில், அதற்கு மேலே இருக்கும் போல்ட்டை முதலில் கழற்றுங்கள்.

காரணம் இதுதான். கியர்பாக்ஸ் கூடு பெரும்பாலும் அலுமினியம், போல்ட் இரும்பு. பல வருடம் தொடாமல் விட்டால் இரண்டும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பழைய ஆயிலை வடித்த பிறகு மேல் போல்ட் அசையவில்லை என்றால், புது ஆயிலை ஊற்ற வழியில்லை. வண்டியை மெக்கானிக்கிடம் ஓட்டிப் போகவும் முடியாது, இழுத்துத்தான் போக வேண்டும். ஆயில் உள்ளே இருக்கும்போதே தெரிந்துவிட்டால் பேசாமல் ஓட்டிப் போய்விடலாம். அப்புறம், மேலே காற்று புக வழி இருப்பதால் ஆயிலும் சீக்கிரம் வடியும்.

பல கார்களில் ஆயில் அளவு காட்டுவதும் அந்த மேல் போல்ட்டின் துளைதான். வண்டி சமதளத்தில் நிற்கும்போது, துளை விளிம்பில் கசியத் தொடங்கும்வரை ஊற்றினால் சரி. காரின் கையேட்டில் ஜிஎல்-4 (கியர் ஆயிலின் தர வகை) என்று இருந்தால் அதையே வாங்குங்கள். சில ஜிஎல்-5 ஆயில்களில் உள்ள கந்தகச் சேர்மானம், கியர் சுலபமாக விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கும்.

ஆட்டோமேட்டிக், சிவிடி (ஒரு வகை ஆட்டோமேட்டிக் கியர்) வண்டிகளுக்கு இந்த முறை வேண்டாம். சிலவற்றில் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) குழாய் வழியாக ஊற்ற வேண்டும். பலவற்றில் ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போதுதான் அளவு பார்க்க முடியும். அதை ஒர்க்‌ஷாப்பில் விடுவதுதான் நல்லது.