ஊருக்குப் போன இடத்தில் கார்டிசோல் பரிசோதனை

விடுமுறைக்குத் தாயகம் போகிறவர்களில் பலர், போன கையோடு ஒரு முழு உடல் பரிசோதனையையும் முடித்துவிடுகிறார்கள். வாழும் நாட்டில் குடும்ப மருத்துவர் ‘தேவையில்லை’ என்று தள்ளிவைத்த பரிசோதனைகளும் அந்த பேக்கேஜுக்குள் இருக்கும். நானும் அப்படித்தான் போனேன், விமானம் இறங்கிய மூன்றாம் நாள் காலையில். வந்த ரிப்போர்ட்டில் கார்டிசோல் என்ற வரிக்குப் பக்கத்தில் ‘குறைவு’ என்று தடித்த எழுத்து. ‘ஸ்ட்ரெஸ் ஹார்மோன்தானே அண்ணா, குறைவாக இருந்தால் நல்லதுதானே’ என்றான் சித்தப்பா மகன். அன்றிரவு இணையத்தில் தேடியபோது, கார்டிசோல் போதாமல் போகும் அடிசன் நோய் என்று வந்தது. மீதி விடுமுறையில் பாதி அந்தக் கவலையிலேயே போயிற்று.

திரும்பிப் போய் மூன்று வாரம் கழித்து எடுத்தபோது அளவு சரியாகவே இருந்தது. உடம்பில் கோளாறு இல்லை, ரத்தம் எடுத்த நேரத்தில்தான் கோளாறு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கார்டிசோல் என்பது சிறுநீரகங்களுக்கு மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் சுரப்பது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, ஏசிடிஎச் என்ற இன்னொரு ஹார்மோனை அனுப்பி அதை விரட்டி வேலை வாங்குகிறது. ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், நோயெதிர்ப்பு எல்லாவற்றிலும் கார்டிசோலுக்குப் பங்கு உண்டு. பயம், காய்ச்சல், வலி, அறுவை சிகிச்சை என்று எது வந்தாலும் கூடும். ஸ்ட்ரெஸ் ஹார்மோன் என்ற பட்டப்பெயர் வந்தது அதனால்தான். ஆனால் அந்தப் பெயரை நம்பி, மன அழுத்தத்தைக் காட்டும் மீட்டர் என்று இதை எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம்.

காரணம், கார்டிசோலை எல்லாவற்றையும் விட அதிகமாக ஆட்டிவைப்பது நேரம். விழிக்கும் வேளையை ஒட்டி, சுமார் காலை 6 முதல் 8 மணிக்குள், அது உச்சத்தில் இருக்கும். பிறகு பகல் முழுக்க இறங்கி, நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்குப் போகும். காலை 8 மணிக்கு ஒரு டெசிலிட்டரில் சுமார் 5 முதல் 25 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். மாலை 4 மணிக்கு ஏறக்குறைய அதில் பாதி. ஆக, ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 18 என்றும் வரும், 4 என்றும் வரும். இரண்டும் சரியே.

இப்போது பயணத்தைச் சேர்த்துப் பாருங்கள். இந்த ஏற்ற இறக்கத்தை நடத்துவது சுவரில் தொங்கும் கடிகாரம் இல்லை, மூளைக்குள் இருக்கும் கடிகாரம். அது விமானத்தின் வேகத்துக்கு ஓடிவராது. தோராயமாக நாளுக்கு ஒரு மணி நேரம்தான் நகரும். கிழக்கு நோக்கிப் பறந்தால் இன்னும் சிரமம். ஐந்து மணி நேரம் கிழக்கே வந்து இறங்கிய மறுநாள் காலை 8 மணிக்கு ரத்தம் கொடுத்தால், உங்கள் உடலுக்கு அப்போது விடியற்காலை மூன்று, நான்கு மணிதான். பத்து மணி நேர வித்தியாசத்தில் வந்தவருக்கு அது நல்ல இரவு நேரம். லேப் அந்த அளவைக் காலை அளவோடுதான் ஒப்பிடும். குறைவு என்று அச்சடிக்கும், அவ்வளவுதான். போதாக்குறைக்குத் தூக்கம் கெட்டிருக்கும், மாலை அளவு வழக்கத்தை விடக் கூடியிருக்கும். இரவுப் பணி செய்கிறவர்களுக்கு ஊரைத் தாண்டாமலே இந்தக் குழப்பம் உண்டு.

எனவே முதல் விதி: இறங்கிய முதல் வாரத்தில் கார்டிசோல் பார்க்க வேண்டாம். நேர வித்தியாசம் எட்டு மணியைத் தாண்டினால் பத்துப் பன்னிரண்டு நாள் பொறுங்கள். இரண்டே வார விடுமுறை என்றால் அங்கே பார்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து. திரும்பிப் போன முதல் வாரமும் இதே கணக்குதான்.

ரிப்போர்ட்டை வாசிக்கும்போது

முதலில் தேட வேண்டியது ரத்தம் எடுத்த நேரம். ரிப்போர்ட் அச்சான நேரமும் மாதிரி லேபுக்கு வந்து சேர்ந்த நேரமும் அதில் இருக்கும். ஊசி குத்திய நேரம்தான் பல சமயம் இருக்காது. வீட்டுக்கே ஆள் வந்து எடுக்கும்போது ‘ஏழு மணிக்கு’ என்று சொல்லி பத்தரைக்கு வருவதெல்லாம் நடக்கிறது. பத்தரை மணி ரத்தத்தை எட்டு மணி அளவோடு ஒப்பிட்டால் அது ஒப்பீடே இல்லை. கைபேசியில் நேரத்தையும், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்பதையும் குறித்துவையுங்கள்.

அடுத்தது அலகு. பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடுகிறவர்கள் அதிகம் பதறுவது இங்கேதான். சில நாடுகளில் கார்டிசோலை ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று எழுதுகிறார்கள், சில நாடுகளில் ஒரு லிட்டருக்கு இத்தனை நானோமோல் என்று. மைக்ரோகிராம் எண்ணை 27.6 ஆல் பெருக்கினால் நானோமோல் எண் கிடைக்கும். அங்கே 414 என்று இருந்தது இங்கே 15 ஆகிவிட்டதே என்று கலங்க வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். மில்லிலிட்டருக்கு நானோகிராம் என்று போடுகிற லேபும் உண்டு. அதில் இதே அளவு 150 என்று நிற்கும். அலகு ஒன்றானாலும், அளக்கும் முறை லேபுக்கு லேப் வேறுபடுவதால் சின்ன வித்தியாசங்களை வைத்துக் கூடிற்று, குறைந்தது என்று முடிவு கட்ட முடியாது.

நீங்கள் சாப்பிடுவதும் பூசுவதும்

எனக்குத் தெரிந்து அதிகம் மறக்கப்படுவது இதுதான். ‘மருந்து எதுவும் எடுக்கிறீர்களா’ என்று கேட்டால் இல்லை என்போம். ஆஸ்துமா இன்ஹேலர், தோல் அரிப்புக்குப் பூசும் களிம்பு, மூட்டு வலிக்குப் போட்ட ஊசி எதுவும் மருந்துக் கணக்கில் வராது. ஆனால் அவற்றில் பலவற்றுள், கார்டிசோலைப் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு இருக்கிறது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் பிட்யூட்டரி, ‘சரக்கு போதும்’ என்று ஏசிடிஎச்சைக் குறைத்துவிடும். அட்ரீனல் தூங்கிப்போகும், கார்டிசோல் குறைவாக வரும். க்ளோபெட்டாசால் போன்ற வீரியமான களிம்பை உடம்பின் பெரும்பகுதியில் நாள்கணக்கில் பூசினால் இது நடக்கலாம். மூட்டுக்குள் போட்ட ஒரே ஊசியின் விளைவு சில வாரம் நீடிக்கலாம். முகம் வெளுக்க என்று விற்கும் சில களிம்புகளிலும், பெயர் விவரம் இல்லாமல் பொட்டலமாகத் தரும் சில வலி மருந்துகளிலும் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. ‘இயற்கை மருந்துதான்’ என்று யாராவது கொடுத்து நாலு நாளில் வலி மாயமாகப் போனால் கொஞ்சம் யோசியுங்கள்.

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை இன்னொரு வேடிக்கை செய்யும். பல லேப் முறைகள் அதையே கார்டிசோல் என்று எண்ணிக் கணக்கில் சேர்த்துவிடும். உள்ளே சுரப்பி தூங்கிக்கொண்டிருக்க, எண் மட்டும் கம்பீரமாக நிற்கும்.

கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தலைகீழ் சிக்கல். ரத்தத்தில் ஓடும் கார்டிசோலில் பெரும்பகுதி புரதத்தோடு ஒட்டியிருக்கும், வேலை செய்வது ஒட்டாத மிச்சம்தான். வழக்கமான பரிசோதனை இரண்டையும் சேர்த்தே அளக்கிறது. ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை அந்தப் புரதத்தைக் கூட்டுவதால் மொத்த எண்ணும் கூடிவிடும். கர்ப்பத்திலும் இப்படித்தான். சரியான அளவு வேண்டுமென்றால் அந்த மாத்திரையை ஏறக்குறைய ஆறு வாரம் நிறுத்த வேண்டியிருக்கும், அதை மருத்துவரே சொல்ல வேண்டும். முடிக்கும் நகத்துக்கும் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை, சில லேப் முறைகளில் கார்டிசோலைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டால் பெரும்பாலும் போதும்.

காய்ச்சல் அடித்து ஓய்ந்த வாரம், கடுமையான உடற்பயிற்சி செய்த காலை, ஊசியைக் கண்டாலே வியர்ப்பவர், இவர்களுக்கெல்லாம் எண் கூடுவது இயல்பு. ஓடிவந்து கையை நீட்டாமல் இருபது முப்பது நிமிடம் உட்கார்ந்திருந்து கொடுங்கள்.

அப்படியென்றால் யாருக்குத்தான் வேண்டும்?

‘டென்ஷனாக இருக்கிறது, ஸ்ட்ரெஸ் எவ்வளவு என்று பார்க்கலாம்’ என்பதற்கு இந்தப் பரிசோதனை உதவாது. கடன் கவலையில் இருப்பவருக்கும் கார்டிசோல் நடுவாந்திரமாக வரலாம், நிம்மதியாக இருப்பவருக்குக் கொஞ்சம் கூடியிருக்கலாம். ‘அட்ரீனல் சோர்வு’ என்று சொல்லி மாத்திரை விற்கிறார்களே, அப்படி ஒரு நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவம் ஏற்கவில்லை.

இது உண்மையில் இரண்டு நோய்களைத் தேடும் கருவி. ஒன்று, கார்டிசோல் கட்டுக்கடங்காமல் கூடும் குஷிங் நோய்க்குறி. முகம் உருண்டு சிவப்பது, வயிற்றில் ஊதா நிறத்தில் அகலமான கோடுகள், லேசாகத் தட்டினாலே ரத்தக் கன்றல், மாடிப்படி ஏறவோ உட்கார்ந்து எழவோ தொடையில் பலமில்லாமை, இளவயதிலேயே எலும்பு தேய்வது போன்றவை சேர்ந்து வந்தால் சந்தேகிப்பார்கள். இதற்கு வெறும் காலை ரத்தம் பயன்படாது, ஏனென்றால் காலையில் எல்லோருக்கும் கூடுதலாகத்தான் இருக்கும். இரவில் இறங்க வேண்டியது இறங்குகிறதா என்பதே கேள்வி. அதனால் நள்ளிரவை ஒட்டி எடுக்கும் உமிழ்நீர், 24 மணி நேரம் சேர்த்த சிறுநீர், அல்லது இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டை விழுங்கி மறுநாள் காலை 8 மணிக்கு ரத்தம். அந்தக் காலை அளவு 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கியிருந்தால் சரி. முதலிரண்டையும் ஒரு தடவைக்கு மேல் செய்வார்கள். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு டெக்ஸாமெதசோன் சீக்கிரமே கரைந்துபோவதால் இந்த மூன்றாவது பரிசோதனை பொய்யாகக் கூடிக் காட்டலாம். நள்ளிரவு உமிழ்நீர் முறை உடல் கடிகாரத்தையே நம்பியிருப்பதால் புதிதாக இறங்கிய பயணிக்கு அது அறவே ஒத்துவராது.

மற்றது கார்டிசோல் போதாமை. அட்ரீனலே கெட்டுப்போய் வருவதைத் தாமஸ் அடிசன் 1855-இல் விவரித்தார், நோய்க்கும் அவர் பெயரே. எடை குறைவது, எழுந்தால் தலை சுற்றுவது, உப்பின் மேல் ஆசை, ஈறும் உள்ளங்கை ரேகையும் கறுப்பது, ரத்தத்தில் சோடியம் குறைவது ஆகியவை அடையாளங்கள். நிறம் கறுத்தால் ‘வெயில்’ என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம், ஈறுகளில் வெயில் படாது. காலை அளவு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் சந்தேகம் வலுவாகும். 18-ஐத் தாண்டினால் பெரும்பாலும் இல்லை. இடையில் எங்கேயோ நின்றால் ஏசிடிஎச் ஊசி போட்டு, 30 நிமிடத்திலும் ஒரு மணி நேரத்திலும் மறுபடி ரத்தம் எடுத்து, சுரப்பி எழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அட்ரினலினையும் ஸ்ட்ரெஸ் ஹார்மோன் என்பார்கள். அதன் பரிசோதனை, திடீர் திடீரென்று ரத்த அழுத்தமும் படபடப்பும் ஏறவைக்கும் அபூர்வமான ஒரு கட்டியைத் தேடுவதற்கு. பேக்கேஜில் சேர்த்துப் பார்க்கும் விஷயமல்ல.

ஸ்டீராய்டு மாத்திரையில் இருப்பவர்கள்

அட்ரீனல் பற்றாக்குறைக்கு ஹைட்ரோகார்டிசோன் (கார்டிசோலின் மருந்து வடிவம்) எடுப்பவரும், வேறு நோய்க்காகப் பல மாதமாகப் பிரெட்னிசோலோன் எடுப்பவரும் பரிசோதனைக்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. சுரப்பி தூங்கும் உடம்பில் அது உயிருக்கே ஆபத்து. மருந்து கைப்பையில் இருக்கட்டும், பெட்டி தொலைந்தாலும் மருந்து தொலையக் கூடாது. போகும் நாட்களுக்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் மாறும் நாளில் எந்த வேளைக்கு எவ்வளவு, காய்ச்சல் வந்தால் எத்தனை மடங்கு என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்து மாத்திரை நிற்கவில்லை என்றால் அது வீட்டில் படுத்துப் பார்க்கும் சங்கதி இல்லை, உடனே ஹைட்ரோகார்டிசோன் ஊசி தேவை. ஊசியும் அதைப் போடத் தெரிந்த ஒரு சொந்தக்காரரும் கூடவே இருந்தால் நல்லது. மருத்துவர் எழுதித் தரும் அந்தச் சீட்டில் மாத்திரையின் கம்பெனிப் பெயரை மட்டும் எழுதாமல் மருந்தின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள், ஒரே மருந்து நாட்டுக்கு நாடு வேறு பெயரில் விற்கிறது.