கயாக்கில் கடல் தூண்டில்: கரையிலேயே தொடங்கிவிடும் தவறுகள்

கடலில் கயாக் எனும் சிறு துடுப்புப் படகை ஓட்டி மீன் பிடிப்பவர்களில் பாதுகாப்புப் பொருள்களை வாங்காதவர்கள் குறைவு, வாங்கியதைத் தப்பான இடத்தில் வைத்திருப்பவர்களே அதிகம். ரேடியோ ஹேட்ச் எனும் மூடியுள்ள அறைக்குள் இருக்கும், கத்தி தூண்டில் பெட்டிக்குள் இருக்கும், லைஃப் ஜாக்கெட் இருக்கைக்குப் பின்னால் செருகியிருக்கும். எந்தப் பொருளையும் ஒரே கேள்வியால் சோதித்துப் பார்க்கலாம்: நான் தண்ணீரில் கிடக்கிறேன், கயாக் பத்தடி தள்ளிக் காற்றில் போய்க்கொண்டிருக்கிறது, இப்போது இது என் கைக்கு வருமா? வராதென்றால் அது வெறும் சுமை.

லைஃப் ஜாக்கெட்டைத் தளர்வாக அணிவது

கழற்றி வைப்பது தவறு என்பதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அணிந்தும் பயனில்லாமல் போவது எப்படி என்பதே கவனிக்க வேண்டியது. வார்களை இறுக்கிய பிறகு தோள்பட்டைப் பகுதியை இன்னொருவர் மேலே இழுக்கட்டும். ஜாக்கெட் தாடை வரை ஏறினால் தண்ணீரிலும் அப்படித்தான் ஏறும். கயாக்குக்கு ஃபோம் வகையே எளிது. காற்றடைத்து உப்பும் வகையைத்தான் விரும்புகிறீர்கள் என்றால், தானாக உப்பும் மாடல் அலைத்தெறிப்பிலேயே வெடித்து உப்பிவிடக்கூடும். கையால் இழுத்து உப்ப வைக்கும் மாடலுக்கு நீங்கள் நினைவோடு இருக்க வேண்டும். எதுவானாலும் வாயு சிலிண்டர் இறுகத் திருகியிருக்கிறதா என்று பாருங்கள். அதை எடை போட்டு, மேலே பொறித்திருக்கும் எடையோடு ஒப்பிடுங்கள்.

வெயிலைப் பார்த்து உடுத்துவது

உடை கடல்நீரின் வெப்பநிலைக்கு ஏற்ப இருக்க வேண்டும், காற்றின் வெப்பநிலைக்கு அல்ல. தண்ணீர் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால், விழுந்த கணத்தில் உடல் தன்னையறியாமல் மூச்சை உள்ளிழுக்கும். தலை நீருக்குள் இருந்தால் தண்ணீரையும் சேர்த்து இழுக்கும். மிகக் குளிர்ந்த நீருக்கு 1-10-1 என்று ஒரு கணக்கு உண்டு: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், விரல்களும் கைகளும் சொன்னபடி கேட்க ஏறக்குறைய 10 நிமிடம், நினைவு தப்புவதற்கு ஏறக்குறைய 1 மணி நேரம். கயாக்கில் மீண்டும் ஏறுவதும் ரேடியோ பொத்தானை அழுத்துவதும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் முடிந்தாக வேண்டும். உடல் சூட்டைக் காக்கும் வெட்சூட்டோ, நீர் புகாத டிரைசூட்டோ தேவைப்படும் கடலில் மழைக்கோட்டு அதற்கு ஈடாகாது.

திரும்ப ஏறிப் பழகாமல் கிளம்புவது

மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக் கவிழ்ந்தால் ஏறுவது சுலபம் என்று எல்லோரும் சொல்வார்கள். அமைதியான நீரில், காலி கயாக்கில் அது உண்மைதான். தூண்டில் தண்டுகள், மீன் பெட்டி, பேட்டரி எல்லாம் கட்டியிருக்கும்போது பழகிப் பார்த்தவர்கள் குறைவு. வரிசை இது:

முதலில் கயாக்கைப் பிடியுங்கள், அதை விட்டு விலகாதீர்கள். நடுப்பகுதிக்கு வந்து, கவிழ்ந்த அடிப்பாகத்தின் குறுக்கே கை நீட்டி எதிர்ப்பக்கக் கைப்பிடியைப் பற்றுங்கள். கை எட்டவில்லை என்றால் வீட்டிலேயே எதிர்ப்பக்கத்தில் ஒரு பட்டையைக் கட்டி வைத்திருக்க வேண்டும். இந்தப் பக்க விளிம்பில் முழங்கால்களை ஊன்றிப் பின்னால் சாய்ந்தால் கயாக் புரளும். பிறகு இருக்கைக்கு நேராக வந்து, கால்கள் நீர்மட்டத்துக்கு வரும்வரை பின்னால் உதையுங்கள். உடலைச் செங்குத்தாகத் தூக்க முயன்றால் கயாக் உங்கள் மேலேயே மீண்டும் கவிழும். கயாக்கை நெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொள்வது போல வயிறு இருக்கையின் மேல் வரும்வரை முன்னேறி, புரண்டு உட்கார்ந்து, கடைசியில் கால்களை உள்ளே எடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். கவிழ்ந்த கயாக்கில் தொங்கும் தூண்டில் முட்கள் நீங்கள் ஏறும் பக்கத்திலேயே காத்திருக்கும். பயன்படுத்தாத தண்டின் முட்களுக்கு உறை போடுங்கள். உயரமாக வைத்த இருக்கை ஏறுவதையும் கடினமாக்கும், கவிழ்வதையும் விரைவாக்கும். அலை இருக்கும் நாளில் இருக்கையைத் தாழ்த்தி வையுங்கள்.

கரைக்கு அருகில் தண்ணீர் தட்டையாக இருக்கிறதென்று நம்புவது

கயாக்குகளைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் பேரலை அல்ல, கரையிலிருந்து கடல் நோக்கி வீசும் காற்று. நிலம் மறைத்துக்கொள்வதால் கரையோரம் கண்ணாடி போல இருக்கும். ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் அதே காற்றுக்கு அலை எழுப்ப இடம் கிடைக்கும். அங்கிருந்து திரும்பினால் எதிர்க்காற்று. சாதாரண மீன்பிடி கயாக்கை நெடுநேரம் தாங்கும் வேகத்தில் துடுப்புப் போட்டால் மணிக்கு 5 கிலோமீட்டருக்குச் சற்று கூடுதல், அதாவது ஏறக்குறைய 3 நாட் (மணிக்கு 3 கடல் மைல்) கிடைக்கும். காற்றின் வேகம் 10 நாட்டிலிருந்து 20 நாட் ஆனால் உங்கள் மேல் விழும் விசை இரு மடங்காக ஆகாது, நான்கு மடங்காகும். வேகம் சரிந்து, சில நேரம் எவ்வளவு துடுப்புப் போட்டாலும் கரை அதே தூரத்தில் நிற்கும்.

கடலோடிகள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம் இன்னொரு பொறி. காற்றும் நீரோட்டமும் ஒரே திசையில் போகும்போது கடல் அமைதியாகத் தெரியும். ஓதம் (கடல்மட்ட ஏற்றவிறக்கம்) திரும்பி நீரோட்டம் காற்றுக்கு எதிரானதும், காற்று ஒரு நாட்கூடக் கூடாமலேயே அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். ஆறு மணி நேர ஓதத்தில் மூன்றாம், நான்காம் மணிகளில்தான் பெரும்பாலும் நீர் வேகமாக ஓடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இன்னும் வேகம். முன்னறிவிப்பில் காற்றையும் ஓத நேரத்தையும் தனித்தனியே பார்ப்பதில் பயனில்லை, இரண்டையும் ஒரே தாளில் மணிவாரியாக எழுதிப் பாருங்கள்.

போகும்போது எதிர்க்காற்றில் போய், களைத்துத் திரும்பும்போது காற்று தள்ளும்படி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். திரும்பும் முடிவையும் கரையிலேயே எடுத்துவிடுங்கள்: அங்கங்கே அலைமுகடுகளில் வெள்ளை நுரை தெரிய ஆரம்பித்தால் தூண்டிலைச் சுருட்டுவது என்று வைத்துக்கொள்ளலாம். மீன் கடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் யாருக்கும் நியாயமான முடிவு வராது.

நங்கூரத்தைப் பக்கவாட்டில் கட்டுவது

கைக்கு எட்டுகிறதென்று இருக்கைக்குப் பக்கத்தில் நங்கூரக் கயிற்றைக் கட்டினால், நீரோட்டம் கயாக்கைக் குறுக்காக நிறுத்தி விளிம்பைக் கீழே இழுக்கும். இழுவை எப்போதும் முன்முனையிலோ பின்முனையிலோ விழ வேண்டும். அதற்கு, பக்கவாட்டில் கப்பி வைத்து ஓடும் கயிற்றில் நங்கூரக் கயிற்றைக் கோத்து, உட்கார்ந்தபடியே முனைக்கு நகர்த்தும் ஏற்பாடு உண்டு. கயிற்றின் நுனியில் ஒரு மிதவை கட்டுங்கள்; ஆபத்தென்றால் மிதவையோடு கழற்றி விட்டுவிட்டுப் பிறகு வந்து எடுக்கலாம். முடிச்சு இறுகிவிட்டால் வெட்டுவதற்கான கத்தி நெஞ்சில் இருக்க வேண்டும். வேகமான நீரோட்டத்தில் நங்கூரமே போடாதிருப்பது நல்லது.

ரேடியோவைக் கயாக்கிடம் ஒப்படைப்பது

கடலில் பேசப் பயன்படும் நீர்புகாத விஎச்எஃப் கைரேடியோ லைஃப் ஜாக்கெட்டிலேயே இருக்கட்டும். அவசர அழைப்புக்கான சேனல் 16-இல், 5 வாட் முழு சக்தியில் வைத்துப் பேசுங்கள். பேட்டரியை மிச்சப்படுத்த 1 வாட்டுக்கு மாற்றியதை மறந்துவிடுவது வழக்கமான தவறு. நீர்மட்டத்துக்குச் சற்று மேலிருந்து பேசுவதால் இன்னொரு கயாக்குக்குச் சில கிலோமீட்டர்தான் எட்டும். உயர்ந்த கோபுரம் உள்ள கரை நிலையத்துக்கு அதைவிட வெகுதூரம். சொல்ல வேண்டியது: மேடே (Mayday) என்ற அபாய அழைப்புச் சொல் மூன்று முறை, உங்கள் அழைப்புப் பெயர் மூன்று முறை, இருக்கும் இடம், என்ன நேர்ந்தது, எத்தனை பேர், என்ன உதவி.

கைபேசி கூடுதல் உதவி மட்டும்தான். ஈரக் கையும் ஈரத் திரையும் சேர்ந்தால் எண்ணை அழுத்தவே முடியாது. கரையை விட்டுத் தொலைவு போகிறவர்களுக்கு செயற்கைக்கோள் வழியே அபாயக் குறிப்பு அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் தனிநபர் அவசரக் கருவி வேண்டும். அதை உங்கள் பெயரில் பதிவு செய்யாமல் விட்டால், மீட்பவர்களுக்கு யாரைத் தேடுகிறோம் என்பதே தெரியாது. இயக்கியதும் ஆன்டெனா வானத்தைப் பார்த்து நிற்க வேண்டும்.

கயாக்கின் வயிற்றைப் பார்க்காமல் விடுவது

மூடி சரியாகப் பொருந்தாத ஹேட்ச், மறந்துபோன வடிகால் அடைப்பு, வண்டிச் சக்கரக் கம்பி உரசி, தளத்து நீர் வடியும் ஸ்கப்பர் துளையில் விழுந்த மயிரிழை விரிசல்: உள்ளே தண்ணீர் வரும் வழிகள் இவை. 20 லிட்டர் என்பது 20 கிலோ, அதுவும் சாயும் பக்கத்துக்கே ஓடும் எடை. வடிகால் துளை வழியே லேசாக ஊதிக்கொண்டு வெளியே சோப்பு நீரைத் தடவினால், கசியும் இடத்தில் குமிழ் வரும். உள்ளே ஃபோம் குழாய்களை நிரப்பி வைத்தால் தண்ணீருக்கு இடம் குறையும். கையால் இயக்கும் பம்ப் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மீனோடு சேர்ந்து சாய்வது

பெரிய மீன் பக்கவாட்டில் இழுக்கும்போது உடல் அதன் பின்னால் போகும். தலை விளிம்பைத் தாண்டினால் கயாக்கும் தொடரும். தண்டின் நுனியை முன்பக்கமாக வைத்தால் மீன் கயாக்கை இழுத்துக்கொண்டு ஓடும், கவிழ்க்காது. ரீலின் டிராக்கை (நரம்பு ஓடுவதைத் தடுக்கும் பிடியை) மிக இறுக்காதீர்கள், தூண்டில் நரம்பைக் கையில் சுற்றவே சுற்றாதீர்கள். விரலில் முள் ஏறினால் வெட்டியெடுக்க, நீங்கள் பயன்படுத்தும் மிகப் பெரிய முள்ளை வெட்டக்கூடிய கட்டர் வேண்டும். வெட்டுகிறதா என்று கரையிலேயே ஒரு முள்ளை வெட்டிப் பாருங்கள்.

அலையுடையும் இடத்தில் கயாக்குக்கும் கரைக்கும் நடுவே நிற்பது

தண்ணீர் நிறைந்த கயாக்கை அலை தூக்கி உங்கள் கால் மேல் எறியும். இறங்கியதும் கடல்பக்கமாக நில்லுங்கள். கிளம்பும் முன் பத்து நிமிடம் அலைக் கூட்டங்களைக் கவனித்து இடைவெளியைப் பிடியுங்கள். தண்டுகளைப் படுக்க வைத்துக் கட்டுங்கள், துடுப்புக் கயிற்றை அங்கே மட்டும் கழற்றிவிடுங்கள். சுருண்டால் காலைப் பிடிக்கும்.

படகோட்டிகளின் கண்ணுக்கு நீங்கள் தெரிவதில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மீட்டர் உயரக் கொடி, பளிச்சென்ற துடுப்பு முனைகள், இருட்டானால் சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு ஆகியவை அதற்காகத்தான்.

கிளம்பும் முன் கரையில் ஒருவருக்கு எழுத்தில் அனுப்புங்கள்: எங்கிருந்து இறங்குகிறீர்கள், எந்தப் பகுதிக்குப் போகிறீர்கள், கயாக்கின் நிறம், திரும்பும் நேரம், எந்த மணிக்குப் பிறகு கடலோரக் காவல் படையை அழைக்க வேண்டும். இடம் மாறினால் அதையும் சொல்லுங்கள். கரையேறியதும் கயாக்கைக் கழுவுவதற்கு முன்பே அவருக்கு வந்துவிட்டதாகத் தகவல் கொடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் மீனைச் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போது ஒரு மீட்புப் படகு வெற்றுக் கடலைத் துழாவிக்கொண்டிருக்கும்.