1800களில் வாழ்ந்த அமெரிக்க மூதாதையரைத் தேடுவது எப்படி?

மருமகள் அமெரிக்கர். பேரனுக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொல்லிவிட்டார்கள். நம் பக்கம் ஏழு தலைமுறை எழுதியாயிற்று, அம்மா வழியோ கொள்ளுப்பாட்டியோடு நின்றுவிட்டது. இந்த நிலையில் இருப்பவர்களுக்குத்தான் இது.

படி 1: தெரிந்தவரிடமிருந்து பின்னோக்கிப் போங்கள்
எடுத்த எடுப்பிலேயே எள்ளுத்தாத்தாவைத் தேடினால் அதே பெயரில் நூறு பேர் வந்து நிற்பார்கள். அமெரிக்க சென்சஸ் ஏடுகள் 72 ஆண்டுகள் கழித்துத்தான் வெளியாகும்; இப்போதைக்கு 1950 வரை திறந்திருக்கிறது. அங்கிருந்து பத்துப் பத்து ஆண்டாக 1900 வரை இறங்குங்கள். இந்த ஏடுகளைப் பார்க்க ஃபேமிலிசர்ச் (FamilySearch) என்ற வம்சாவளி இணையதளத்தில் இலவசக் கணக்கு போதும். ஒவ்வொரு முறையும் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். திருமணம், நிலம், உயில் எல்லாம் பெரும்பாலும் கவுண்டி அலுவலகத்தில்தான் பதிவாகியிருக்கும்.

படி 2: 1900 ஏட்டை நிதானமாகப் படியுங்கள்
பிறந்த மாதமும் ஆண்டும் இதில் உண்டு. தாயின் வரியில் 8, 5 என்று இரண்டு எண்கள் இருந்தால், எட்டுப் பெற்று அன்றைக்கு ஐந்து பேர் உயிரோடு இருந்தார்கள் என்று பொருள். மற்ற மூவரைக் கல்லறைப் பட்டியலிலும் தேவாலயப் பதிவேட்டிலும் தேடுங்கள்.

படி 3: 1890ஐத் தாண்டுங்கள்
1921இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தால் 1890ஆம் ஆண்டின் ஏடுகள் பெரும்பாலும் போய்விட்டன. ஆகவே அடுத்தது 1880. குடும்பத் தலைவருக்கு யார் என்ன உறவு, பெற்றோர் எங்கே பிறந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். 1850, 1860, 1870 ஏடுகளில் உறவுமுறை இல்லை. ஒரே வீட்டில் இருப்பதை வைத்து அம்மா என்று முடிவு கட்டாதீர்கள், இரண்டாம் மனைவியாக இருக்கலாம். 1850க்கு முன்பு குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் வயதுவாரியான வெறும் எண்ணிக்கை.

பெயர் அகப்படவில்லையா? கணக்கெடுக்க வந்தவர் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டு போனார். குடும்பப் பெயரை விட்டுவிட்டு முதல் பெயர், வயது, பிறந்த மாநிலம் கொடுத்துத் தேடுங்கள். வயதில் ஐந்தாறு ஆண்டு முன்பின் விடுங்கள். கப்பலில் வந்து குடியேறியவர்களைப் பரிசோதித்த நியூயார்க் எல்லிஸ் தீவு நிலையத்தில் அதிகாரிகள் பெயரை மாற்றினார்கள் என்பது சும்மா கதை. கப்பல் பட்டியலை வைத்துச் சரிபார்ப்பதுதான் அவர்கள் வேலை. அந்த நிலையமே 1892இல்தான் திறந்தது.

முன்னோர் அடிமைப்படுத்தப்பட்டவராக இருந்தால் 1870தான் பெரிய சுவர். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உடைமையாளர் பெயரின் கீழ் வயது, பால், நிறம் மட்டும் இருக்கும், அவர்கள் பெயர் இருக்காது. விடுதலை பெற்றவர்களுக்காக 1865 முதல் 1874 வரை நடந்த ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் பதிவேடுகளைப் பாருங்கள். கணக்குத் தொடங்கியவரின் பெற்றோர், உடன்பிறந்தவர், சில நேரம் பழைய எஜமானர் பெயர்கூடக் கிடைக்கும்.

படி 4: ஓய்வூதியக் கோப்பு
என்னைக் கேட்டால் புதையல் இதுதான். உள்நாட்டுப் போரில் (1861-65) வடக்குப் படையில் இருந்தவரின் விதவை ஓய்வூதியம் கேட்டால், திருமணத்தையும் பிள்ளைகள் பிறப்பையும் நிரூபிக்க வேண்டும். சான்றிதழ் இல்லாதவர்கள் அக்கம்பக்கத்தாரைச் சத்தியப் பிரமாணம் செய்ய வைத்தார்கள். பிறப்பு எழுதிய பக்கத்தைக் குடும்ப பைபிளிலிருந்து கிழித்தே அனுப்பியவர்களும் உண்டு. பெயர் அட்டவணை இணையத்தில் இருக்கிறது. முழுக் கோப்புக்குப் பெரும்பாலும் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கட்டணம் கட்டி எழுத வேண்டும். தெற்குப் படைக்காரர்களுக்கு அந்தந்த மாநிலமே ஓய்வூதியம் கொடுத்தது, அதனால் மாநில ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள்.