எறும்பு வந்தது ஒயர் வழியாக

நாலு நாள் அலைக்கழித்த விஷயம், இன்று காலைதான் தீர்ந்தது. நான் வளர்க்கும் டரான்டுலா என்ற பெரிய சிலந்திக்கு இரையாக வைத்திருக்கும் சிள்வண்டுகள் டப்பாவில் செத்துக் கிடந்தன. கால்கள் தனியாக, வயிற்றுக்குள் பொடி எறும்புகள். பக்கத்துப் பெட்டியில் டரான்டுலா தோலுரிக்க மல்லாந்து கிடந்தது. அந்த நேரத்தில் அதனால் ஓடவும் முடியாது, கடிக்கவும் முடியாது. பயந்துவிட்டேன்.

எறும்பு மருந்து அடிக்கவில்லை. அது சிலந்தியையும் கொல்லும். டப்பாவைச் சுற்றிப் பெட்ரோலியம் ஜெல்லி தடவினேன். தூசி படிந்ததும் அதன் மேலேயே ஏறி வந்தன. அப்புறம் அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தி, நாலு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினேன். மறுநாள் தண்ணீர் மேல் படர்ந்த தூசியில் நடந்தே கடந்தன. பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டதும் மூழ்கின. ஆனாலும் டப்பாவில் எறும்பு!

ராத்திரி டார்ச்சோடு உட்கார்ந்தேன். ஹீட்டர் ஒயரின் அடிப்பக்கமாக, மேலிருந்து பார்த்தால் தெரியாதபடி, ஒற்றை வரிசை போய்க்கொண்டிருந்தது. பிளக் பக்கம், பெட்டிக்கு எட்டாத இடத்தில், ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி டேப்பைச் சுற்றினேன்.

காலையில் டேப்பில் இருபது எறும்பாவது இருக்கும், டப்பாவில் ஒன்றுகூட இல்லை. தின்று மீந்த கேரட்டையும் செத்த சிள்வண்டையும் இப்போது அன்றன்றே எடுத்துவிடுகிறேன்.