பார்பி பொம்மையும் சிறுமிகளின் கனவுகளும்: பெரியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்பி பொம்மையைப் பற்றிப் பெற்றோரிடம் பேசினால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்றுதான் கிடைக்கும். ஒல்லியான இடையும் மினுக்கும் உடையும் கொண்ட அந்தப் பொம்மை சிறுமிகளைக் கெடுத்துவிடும் என்பது ஒன்று; மருத்துவராகவும் விமானியாகவும் அது வருவதால் பெண் குழந்தைகளுக்கு ஊக்கம் தரும் என்பது மற்றொன்று. இவ்விரண்டு முடிவுகளுமே பொம்மையின் தோற்றத்தை வைத்து எடுக்கப்படுகின்றன. குழந்தை அதை வைத்து என்ன விளையாடுகிறாள், எதைப் பேசுகிறாள் என்பதைக் கவனித்து எடுக்கப்படுவதில்லை. மற்றத் தவறுகளில் பலவும் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

பொம்மையின் வரலாற்றில் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்வதும் அத்தகைய தவறுதான். 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் பார்பி அறிமுகமானபோது, சிறுமிகளுக்கான பொம்மைகளில் பெரும்பாலானவை கைக்குழந்தை வடிவில் இருந்தன. அவற்றோடு விளையாடும் சிறுமிக்குத் தாயாக நடிப்பதைத் தவிர வேறு வேடம் அரிதாகவே வாய்த்தது. தன் மகள் காகிதப் பொம்மைகளுக்குப் பெரியவர்களின் வாழ்க்கையைக் கற்பித்து விளையாடியதைப் பார்த்த ரூத் ஹேண்ட்லர், மேட்டல் பொம்மை நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர், வளர்ந்த பெண்ணின் உருவில் ஒரு பொம்மையை உருவாக்கினார். 1962இல் பார்பிக்குச் சொந்த வீடு வந்தது. நிஜப் பெண்களுக்கோ, கடன் வழங்குவதில் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்னும் சட்டமே அமெரிக்காவில் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1974இல்தான் வந்தது. மனிதன் நிலவில் காலடி வைப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1965இல், பார்பி விண்வெளி வீராங்கனையானாள். ஆனால் அதே 1965இல் வெளியான, தோழிகள் ஒரு வீட்டில் கூடி இரவு தங்கி மகிழும் கொண்டாட்டத்துக்கான பார்பித் தொகுப்பில், 110 பவுண்டு (சுமார் 50 கிலோ) காட்டும் எடை இயந்திரமும், உடல் எடையைக் குறைப்பது எப்படி என்னும் சிறு புத்தகமும் இருந்தன. அந்தப் புத்தகம் தந்த அறிவுரை, சாப்பிடாதே என்பது. விண்வெளி உடையும் எடை இயந்திரமும் ஒரே ஆண்டில் ஒரே பொம்மைக்கு வந்தவை என்பதை மறந்துவிட்டு அதைப் புகழவோ பழிக்கவோ கூடாது.

உடையை மாற்றினால் செய்தியும் மாறிவிடும் என்று நம்புவதுதான், என் கருத்தில், நல்லெண்ணம் கொண்ட பெற்றோர் மிக எளிதாகச் செய்யும் தவறு. 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 4 முதல் 7 வயது வரையிலான 37 சிறுமிகள் பங்கேற்றனர். சிலருக்கு நாகரிக உடை அணிந்த பார்பியும், சிலருக்கு மருத்துவர் உடை அணிந்த பார்பியும், மற்றவர்களுக்கு உருளைக்கிழங்கு வடிவப் பொம்மையும் ஐந்து நிமிடம் விளையாடத் தரப்பட்டன. பிறகு, பல வேலைகளைக் குறிப்பிட்டு, வளர்ந்த பின் நீ இதைச் செய்ய முடியுமா, ஒரு பையனால் இதைச் செய்ய முடியுமா என்று கேட்டனர். பார்பியோடு விளையாடிய சிறுமிகள், பையன்களால் முடியும் என்று சொன்ன வேலைகளைவிடக் குறைவான வேலைகளையே தங்களால் முடியும் என்றனர். மருத்துவர் உடை இதில் குறிப்பிடத்தக்க மாற்றத்தை ஏற்படுத்தவில்லை. சிறிய ஆய்வு, மிகக் குறுகிய விளையாட்டு. ஆகவே இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்வதும் தவறாகும். எனினும், வெள்ளை அங்கி அணிந்த பார்பியை வாங்கித் தந்ததோடு தம் கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும். உடையின் அழகைப் பாராட்டி நிறுத்திவிடாமல், "இன்று யாருக்கு உடம்பு சரியில்லை? என்ன நோய் என்று எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்டால், அந்த அங்கி அலங்காரமாக இல்லாமல் ஒரு வேலையின் அடையாளமாகிறது.

உடலைப் பற்றிய கவலை பருவ வயதில்தான் தொடங்கும் என்று காத்திருப்பது இன்னொரு தவறு. 2006இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், பார்பி படங்கள் கொண்ட கதைப் புத்தகத்தைப் பார்த்த 5 முதல் 8 வயதுச் சிறுமிகளில், இளையவர்களிடமே உடல் குறித்த அதிருப்தி கூடியிருந்தது. 2016இல் உயரமான, குட்டையான, சதைப்பற்றுள்ள உடல்வாகுகளிலும் பார்பி வந்தது வரவேற்கத்தக்கது. ஆனால் குழந்தையின் முன்னால் கண்ணாடியைப் பார்த்துத் தம் எடையை நொந்துகொள்ளும் பெரியவர்களும், வீட்டுக்கு வந்ததும் அவளது நிறத்தையும் உடல்வாகையும் விமர்சிக்கும் உறவினர்களும் இருக்கும் வீட்டில், எந்த உடல்வாகுப் பொம்மையும் தனியாக எதையும் சரிசெய்துவிடாது.

பொம்மையை முற்றிலும் தடைசெய்வதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சிறுமிகள் விரும்பும் ஒன்றை இழிவாகப் பேசித் தடுக்கும்போது, பெண் குழந்தைகளின் விருப்பங்களே தாழ்ந்தவை என்னும் பாடத்தையும் சேர்த்தே கற்பித்துவிடுகிறோம். தவிர, குழந்தைகள் பொம்மை சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்பவர்களும் அல்லர். சற்று வளர்ந்ததும் அதன் முடியை வெட்டுவதும் தலையைப் பிடுங்குவதும் பல வீடுகளில் நடப்பதுதான்.

எல்லாப் பழியையும் பொம்மையின் மேல் போடுவதும் தவறு. 1992இல் வெளிவந்த பேசும் பார்பிக்காகப் பதிவுசெய்யப்பட்ட 270 வாக்கியங்களில், கணக்கு வகுப்பு கடினம் என்பதும் ஒன்று. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் சங்கம் அதைக் கண்டித்த பின், மேட்டல் நிறுவனம் அந்த வாக்கியத்தை நீக்கியது. ஆனால் அதே வாக்கியத்தை வீட்டிலும் வகுப்பறையிலும் சொல்லும் குரல்களை யார் நீக்குவது? 2017இல் வெளியான ஆய்வொன்று, 5 வயதில் ஆண், பெண் குழந்தைகள் இருவருமே தத்தம் பாலினத்தவரைப் பேரறிவாளர்களாகக் கருதுவதையும், 6 வயதிலிருந்து சிறுமிகளிடம் அந்த எண்ணம் குறைவதையும் காட்டியது. பொம்மையைப் பற்றிய ஆய்வன்று அது. மகனை "கெட்டிக்காரன்" என்றும் மகளை "அழகி" என்றும் பாராட்டும் வழக்கம் உள்ள வீட்டில், மாற்ற வேண்டியது முதலில் அந்தப் பாராட்டைத்தான்.

கடைசியாக, பலர் தவறென்றே நினைக்காத ஒன்று: இந்த விளையாட்டிலிருந்து பையன்களை விலக்கி வைப்பது. தங்கை மருத்துவராகவும் தான் நோயாளியாகவும் விளையாட அண்ணனை அனுமதிக்காத பெற்றோர், பெண்ணால் எது முடியும் என்பதை அந்தப் பையன் சிறு வயதிலேயே கற்றுக்கொள்ளும் வாய்ப்பைப் பறித்துவிடுகிறார்கள்.