முறைத் தண்ணீரில் எங்கே விட்டுக்கொடுப்பது, எங்கே இறுக்குவது

மேட்டூர் கிழக்குக்கரை வாய்க்காலில் வழக்கமாக ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை 137 நாள் தண்ணீர். யாருக்கு எந்த நாள், எத்தனை மணி நேரம் தண்ணீர் என்று குறிக்கும் முறைநோட்டை ஜூலையிலேயே எழுதி முடித்துவிடுங்கள். எழுதும்போது கடைமடைக்காரர், அதாவது வாய்க்காலின் கடைசி வயல்காரர், பக்கத்தில் இருக்கட்டும்.

மணிக்கணக்கில் இறுக்கம் வேண்டும். முறையை மாற்றிக்கொள்வது அவரவர் விருப்பம், ஆனால் முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் இரண்டு பேரும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் சாவு, ஆஸ்பத்திரி என்றால் வாய்ச்சொல்லே போதும், கையெழுத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

ஒருமுறை நடுராத்திரி டார்ச்சோடு போனேன். மடையை வைக்கோலும் சேறும் வைத்து அடைத்திருந்தார்கள். கடைசி வயலில் நெல் பால் பிடிக்கும் நேரம், மண் வெடித்துக் கிடந்தது. எனக்கு வயிறு எரிந்தது. சண்டை போடவில்லை. அடைத்தவரின் அடுத்த முறையில் 2 மணி நேரத்தைக் கழித்துக் கடைமடைக்குக் கொடுத்தோம். பண அபராதம் மட்டும் வேண்டாம். வசதியுள்ளவர் கட்டிவிட்டு மறுபடி அடைப்பார்.

மதகை உடைத்தால் பேச்சுவார்த்தையே கூடாது. 2000ஆம் ஆண்டுப் பாசன மேலாண்மைச் சட்டப்படி அமைந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் இருந்தால் அதன் வழியாக, அன்றைக்கே நீர்வளத் துறைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். நோட்டின் நகலையும் இணையுங்கள்.