நுரையீரல் புற்றுநோய் ஆப்பரேஷனுக்குப் பிறகு வரும் பேத்தாலஜி ரிப்போர்ட்டை எந்த வரிசையில் படிப்பது

ஆப்பரேஷனில் எடுத்த திசுவை லேப்பில் பரிசோதித்து எழுதும் பேத்தாலஜி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோருடைய கண்ணும் கட்டியின் அளவைத்தான் தேடும். 2 செ.மீ. என்றால் நிம்மதி, 5 என்றால் கலக்கம். அளவு முக்கியம்தான், ஆனால் அதை மூன்றாவதாகப் படியுங்கள். முதலில் வெட்டு விளிம்பு (எடுத்த திசுவின் வெட்டிய ஓரம்), அடுத்து நிணநீர் முடிச்சுகள். இவை இரண்டும் உறுதியாக இல்லாவிட்டால் அளவை வைத்துப் போடும் கணக்கெல்லாம் ஆட்டம் கண்டுவிடும்.

வெட்டு விளிம்பு

ஆர்0 என்றால் வெட்டிய இடத்தில் நுண்ணோக்கியில் பார்த்தும் புற்றுசெல் இல்லை. ஆர்1 என்றால் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நுண்ணோக்கியில் தெரிகிறது. ஆர்2 என்றால் கட்டியின் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிட்டது. நுரையீரலின் பெரிய பிரிவான மடல் ஒன்றை முழுவதுமாக எடுத்திருந்தால் மூச்சுக்குழாய், ரத்தக்குழாய் விளிம்புகளைப் பாருங்கள். ஆப்பு வடிவிலோ ஒரு பகுதியை மட்டுமோ எடுத்திருந்தால் கட்டிக்கும் விளிம்புக்கும் உள்ள தூரம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2 செ.மீ. அல்லது கட்டியின் அளவுக்குக் குறையாத தூரம் இருப்பது நல்லது. ஸ்டேப்ளர் வரிசையைக் கத்தரித்து நீக்கிய பிறகே அதற்கடியில் உள்ள திசுவில் மை பூசி அளக்கிறார்கள். அதனால் உண்மையான தூரம் ரிப்போர்ட்டில் உள்ளதைவிடச் சில மி.மீ. கூடுதலாக இருக்கலாம்.

நிணநீர் முடிச்சுகள்

ரிப்போர்ட்டில் அதிகம் ஏமாற்றக்கூடிய வரி இதுதான். ஸ்டேஷன் என்பது முடிச்சு இருக்கும் இடத்துக்கான எண், 0/4 என்றால் பார்த்த 4 முடிச்சில் ஒன்றிலும் புற்று இல்லை, என்0 என்றால் முடிச்சுகளில் புற்று இல்லை என்ற நிலை. "நிணநீர் முடிச்சுகள் 0/4, ஸ்டேஷன் 10, 11" என்று இருந்தால் அதுவும் என்0, "0/16, ஸ்டேஷன் 4, 7, 9, 10, 11, 12" என்று இருந்தால் அதுவும் என்0. முதல் ரிப்போர்ட்டில் நடுமார்பு முடிச்சு ஒன்றுகூடப் பரிசோதிக்கப்படவில்லை. நோய் அங்கே இல்லையா, தேடவே இல்லையா என்பதை அந்த வரியை வைத்துச் சொல்ல முடியாது.

ஸ்டேஷன் 2 முதல் 9 வரை நடுமார்பைச் சேர்ந்தவை. கட்டி இருந்த அதே பக்கத்திலோ, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு அடியில் உள்ள ஸ்டேஷன் 7-லோ புற்று இருந்தால் என்2. அதே பக்கத்து 10 முதல் 14 வரை இருந்தால் என்1. குறைந்தது 6 முடிச்சுகள், அவற்றில் 3 நடுமார்பிலிருந்து, அந்த மூன்றில் ஸ்டேஷன் 7 கட்டாயம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல்.

எண்ணிக்கை குறையக் காரணம் எப்போதும் சர்ஜன் அல்ல. 12 முதல் 14 வரையிலான முடிச்சுகள் எடுத்த நுரையீரலுக்குள்ளேயே பொதிந்திருக்கும். திசுவை நறுக்கும்போது பொறுமையாகத் தேடாவிட்டால் அவை பார்க்கப்படாமலே போய்விடும். மாறாக, ஒரே முடிச்சு துண்டுதுண்டாக வந்தால் எண்ணிக்கை பெரிதாகத் தெரியும். எனவே எத்தனை ஸ்டேஷன் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மீதித் திசுவில் மறுபடி தேடும்படி முதல் வாரத்திலேயே டாக்டரிடம் கேளுங்கள். ஃபார்மலினில் வைத்த மீதித் திசுவைப் பல லேப்களில் சில வாரங்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை.

அளவும் நுரையீரல் உறையும்

லெபிடிக் பகுதி (காற்றறைச் சுவர்களை ஒட்டி, ஊடுருவாமல் பரவும் பகுதி) கொண்ட அடினோகார்சினோமா என்ற புற்று வகையில் மொத்த அளவு ஒன்று, திசுவுக்குள் ஊடுருவிய பகுதியின் அளவு வேறு. கட்டியின் அளவையும் பரவலையும் குறிக்கும் டி நிலையை முடிவு செய்வது ஊடுருவிய பகுதி. மொத்தம் 2.6 செ.மீ., ஊடுருவல் 0.9 செ.மீ. என்றால் அது டி1ஏ. ஊடுருவல் 0.5 செ.மீ.க்கு மேல் போகாத, மொத்தம் 3 செ.மீ.க்கு உட்பட்ட சிறு கட்டிகளை முழுமையாக எடுத்துவிட்டால் அந்தக் கட்டி திரும்புவது மிக அரிது.

இதற்கு நேரெதிரான நிலையும் உண்டு. 1.8 செ.மீ. கட்டிதான், ஆனால் நுரையீரலைச் சுற்றிய உறையின் எலாஸ்டிக் அடுக்கைத் தாண்டிவிட்டது என்றால் அது டி2ஏ. முடிச்சுகளில் புற்று இல்லாவிட்டாலும் ஸ்டேஜ் 1பி. வழக்கமான சாயத்தில் இந்த அடுக்கு தெளிவாகத் தெரியாது. கட்டி உறையை ஒட்டியிருந்து முடிவு தெளிவாக இல்லை என்றால் எலாஸ்டிக் சாயம் போட்டார்களா என்று கேட்பது நியாயமான கேள்வி.

கட்டி, முடிச்சு, வேறு இடங்களுக்குப் பரவல் மூன்றையும் வைத்து ஸ்டேஜ் சொல்லும் டி.என்.எம். முறையின் எட்டாம் பதிப்புக்காகத் திரட்டிய உலகளாவிய தரவில், ஆப்பரேஷனுக்குப் பின் 5 ஆண்டு கடந்தவர்கள் ஸ்டேஜ் 1ஏ1-ல் 90%, 1பி-யில் 73%, 2பி-யில் 56%, 3ஏ-யில் 41%. இன்றைய மருந்துகள் பலவும் வருவதற்கு முந்தைய கணக்கு இது.

செல்களின் அமைப்பு

ஒரே ஸ்டேஜில் உள்ள இருவருக்கு முடிவு வேறாவதற்கு இது ஒரு பெரிய காரணம். அடினோகார்சினோமாவில் செல்கள் அமைந்திருக்கும் விதங்களுக்கு அசினார், லெபிடிக் எனத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. "அசினார் பிரதானம்" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது, ஒவ்வோர் அமைப்பின் சதவீதமும் வேண்டும். அசினார் 70%, மைக்ரோபாப்பில்லரி 25%, லெபிடிக் 5% என்றால் பிரதானம் அசினார்தான், ஆனாலும் கட்டி கிரேடு 3, அதாவது மிக மோசமான தரம். சாலிட், மைக்ரோபாப்பில்லரி, கிரிப்ரிஃபார்ம் போன்ற மோசமான அமைப்புகள் சேர்ந்து 20 சதவீதத்தைத் தொட்டாலே கிரேடு 3 ஆகிவிடும்.

ஸ்டாஸ் என்ற சொல்லையும் தேடுங்கள். கட்டியின் எல்லைக்கு வெளியே காற்றறைகளுக்குள் புற்றுசெல்கள் சிதறிக் கிடப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இது ஸ்டேஜை மாற்றாது. ஆனால் மடல் முழுவதையும் எடுக்காதவர்களிடம் நோய் திரும்பும் வாய்ப்பைக் கூட்டும். வெட்டும் கத்தியே செல்களை இழுத்துக்கொண்டு போய் அதேபோலக் காட்டுவதும் உண்டு என்பதால், கவனமான பேத்தாலஜிஸ்ட் இரண்டையும் பிரித்துப் பார்த்துத்தான் எழுதுவார்.

ஆப்பரேஷனுக்கு முன்பே கீமோவோ இம்யூனோதெரபியோ (உடலின் எதிர்ப்பு சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் மருந்து) கொடுத்திருந்தால், உயிருள்ள புற்றுசெல் எத்தனை சதவீதம் மிஞ்சியது என்று எழுதியிருக்க வேண்டும். 10 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நல்ல பலன் என்று பொருள்.

இதை வைத்து அடுத்து என்ன

ஸ்டேஜ் 2, 3ஏ-யில் சிஸ்பிளாட்டின் சார்ந்த கீமோ 100-க்குச் சுமார் 5 பேரைக் கூடுதலாக 5 ஆண்டு கடக்க வைக்கிறது. வழக்கமாக 6 முதல் 8 வாரத்துக்குள் தொடங்குவார்கள். கட்டியில் இ.ஜி.எஃப்.ஆர். மரபணுவின் இரு பொதுவான மாற்றங்களில் ஒன்று இருந்தால் ஆசிமெர்டினிப் என்ற மாத்திரை 3 ஆண்டு. ஸ்டேஜ் 1பி முதல் 3ஏ வரை உள்ளவர்களிடம் செய்த ஆய்வில் 5 ஆண்டு கடந்தவர்கள் 88%, அந்த மாத்திரை தராத பிரிவில் 78%. ஏ.எல்.கே. மரபணு மாற்றம் இருந்தால் அலெக்டினிப் என்ற மருந்து 2 ஆண்டு.

இந்த இரண்டு மரபணுச் சோதனைகளும், இம்யூனோதெரபி பலன் தரும் வாய்ப்பைக் காட்டும் பி.டி.எல்.1 சோதனையும் வந்த பிறகே இம்யூனோதெரபி பற்றி முடிவெடுக்கச் சொல்லுங்கள். இம்யூனோதெரபி கொடுத்த கையோடு ஆசிமெர்டினிப் கொடுத்தால் நுரையீரல் அழற்சி கடுமையாக வர வாய்ப்புண்டு.

இரண்டாவது கருத்துக்குப் போகும்போது ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுபோகாதீர்கள். கண்ணாடி ஸ்லைடுகளையும், கட்டி அதிகமாக உள்ள பாரஃபின் பிளாக்கையும் (மெழுகில் பதித்த திசுத் துண்டு) லேப்பிலிருந்து எழுதிக்கொடுத்து வாங்குங்கள். எந்த பிளாக்கில் கட்டி அதிகம் என்பதை ரிப்போர்ட் எண்ணுடன் பேத்தாலஜிஸ்டிடமே குறித்துக் கேளுங்கள், மரபணுச் சோதனைக்கு அனுப்ப வேண்டியதும் அதே பிளாக்தான்.